பெயரில் விழும் கறுப்புப் புள்ளி!

வாங்கிய கடனைக் கட்டாதவன் பெயர் கெடுவது உலக வழக்கம். ஒழுங்காகக் கடனைக் கட்டியவன் பெயரும் கெடுமா?

கெடும்! தென் ஆப்பிரிக்காவில் அப்படித்தான் நடக்கிறது.

மாதம் தவறாமல் தவணை கட்டியவர்கள், ஒரு நாள் வீட்டுக் கடன் கேட்டு பாங்கிக்குப் போகிறார்கள். "உங்களுக்குக் கடன் கிடையாது" என்று பாங்கி கையை விரிக்கிறது. "ஏன்?" என்று கேட்டால், "நீங்கள் கடன் மறுஆய்வில் இருக்கிறீர்கள்" என்று பதில் வருகிறது.

"கடன் மறுஆய்வா? அப்படி எதையும் நாங்கள் கேட்கவே இல்லையே!" என்று அவர்கள் திகைத்து நிற்கிறார்கள்.

கேட்காத உதவி, வேண்டாத பதிவு, அதனால் கெட்டுப்போன பெயர். இது எப்படி நேர்கிறது? இதிலிருந்து மீள வழி உண்டா?

சட்டம் வந்த கதை

தென் ஆப்பிரிக்காவில் கடன் வாங்கியிருப்பவர்கள் இரண்டரைக் கோடிக்கு மேல். வீட்டுக்குக் கடன், காருக்குக் கடன், துணிக்கடையில் கணக்கு, மரச்சாமான் கடையில் தவணை என்று கடன் இல்லாத குடும்பத்தைக் காண்பது அரிது.

ஒரு காலத்தில், கடனைக் கட்ட முடியாமல் திண்டாடிய ஏழைக்கு அங்கே போக்கிடம் இல்லை. கடன் கொடுத்தவர்கள் ஒவ்வொருவராக வழக்குப் போடுவார்கள். சாமான்கள் ஜப்தி ஆகும். வீடு ஏலத்துக்குப் போகும்.

இந்த நிலையை மாற்ற 2005-ம் ஆண்டில் ஒரு சட்டம் செய்தார்கள். அதற்கு "தேசியக் கடன் சட்டம்" என்று பெயர். அது படிப்படியாக அமலுக்கு வந்தது. கடன் மறுஆய்வு பற்றிய பகுதி 2007-ம் ஆண்டு ஜூன் 1-ந் தேதி அமலாகியது.

கடன் ஆலோசகர்கள் என்று ஒரு புதிய தொழிலையே இந்தச் சட்டம் உண்டாக்கியது. மிட்ராண்ட் நகரில் இருக்கும் தேசியக் கடன் கட்டுப்பாட்டு ஆணையத்தில் பதிவு செய்துகொண்டவர்கள்தான் இந்தத் தொழிலைச் செய்யலாம்.

நல்ல மருந்துதான்!

கடனில் மூழ்கியவர், ஆலோசகரிடம் போய் மனு எழுதிக் கொடுக்கிறார். மனுவுக்குக் கட்டணம் 50 ராண்டுக்கு மேல் போகக்கூடாது. இந்த மனுவுக்கு "படிவம் 16" என்று பெயர்.

ஆலோசகர் அவருடைய வருமானத்தைப் பார்க்கிறார். அரிசிக்கு எவ்வளவு, பிள்ளைகளின் படிப்புக்கு எவ்வளவு, பஸ்ஸுக்கு எவ்வளவு என்று செலவைப் பார்க்கிறார். மிச்சம் உள்ள பணத்தை எல்லாக் கடன்காரர்களுக்கும் பங்கிட்டு, தவணையைக் குறைத்து, காலத்தை நீட்டித் திட்டம் போடுகிறார். மாஜிஸ்திரேட் கோர்ட்டு அந்தத் திட்டத்தை ஏற்று உத்தரவு போடுகிறது.

திட்டப்படி பணம் கட்டி வரும்வரை, கடன்காரர்கள் வீட்டையும் காரையும் ஜப்தி செய்யக் கிளம்ப முடியாது. உண்மையிலேயே கடனில் தத்தளிக்கும் குடும்பத்துக்கு இது கைகொடுக்கும் சட்டம்தான்.

ஆனால், நோய் இல்லாதவனுக்கு அதே மருந்தைப் புகட்டினால்? அங்கேதான் வினை ஆரம்பமாகிறது!

முதலில் புள்ளி, பிறகு ஆய்வு!

மனு வந்த 5 வேலை நாட்களுக்குள், ஆலோசகர் எல்லாக் கடன்காரர்களுக்கும் தகவல் கொடுக்க வேண்டும். கடன் தகவல் நிலையங்களுக்கும் சொல்ல வேண்டும். இதற்கு "படிவம் 17.1" என்று பெயர்.

கடன் தகவல் நிலையம் என்பது என்ன? நாட்டில் யார் யார் எங்கே கடன் வாங்கினார்கள், ஒழுங்காகக் கட்டினார்களா என்று கணக்கு வைத்திருக்கும் கம்பெனி. ட்ரான்ஸ்யூனியன், எக்ஸ்பீரியன், எக்ஸ்.டி.எஸ். ஆகியவை அங்குள்ள நிலையங்களில் சில. புதிதாகக் கடன் கேட்டால், பாங்கிகள் முதலில் இவற்றில்தான் விசாரிக்கும்.

ஆலோசகரின் தகவல் போய்ச் சேர்ந்ததும், மனுதாரரின் பெயருக்கு நேரே ஒரு குறிப்பு ஏறிவிடுகிறது: "இவர் கடன் மறுஆய்வில் இருக்கிறார்."

கவனியுங்கள். இன்னும் யாரும் எதையும் ஆராயவில்லை. மனுதாரரின் கடன் தாங்கக்கூடியதா, தாங்க முடியாததா என்று தீர்மானிக்க ஆலோசகருக்கு 30 வேலை நாட்கள் அவகாசம் உண்டு. ஆனால் குறிப்பு அதற்கு முன்பே ஏறிவிடுகிறது!

ஆலோசகர் நேர்மையானவராக இருந்தால் இதனால் கெடுதல் இல்லை. கடன்காரர்கள் உடனே கோர்ட்டுக்கு ஓடாமல் தடுக்கவே சட்டம் இப்படி வைத்திருக்கிறது. ஆனால் வேலியே பயிரை மேயக் கிளம்பிவிட்டால்?

ஒரு டெலிபோன் அழைப்பு

ஒரு பள்ளிக்கூட ஆசிரியை இருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். அவருக்கு ஒரு கார் கடன், இரண்டு கடைகளில் கணக்கு. எல்லாவற்றையும் ஒழுங்காகக் கட்டி வருகிறார்.

மத்தியானம் டெலிபோன் மணி அடிக்கிறது. இனிமையான குரல் பேசுகிறது.

"அம்மா, உங்கள் மாதத் தவணையைப் பாதியாகக் குறைத்துத் தரட்டுமா?"

"குறைந்தால் நல்லதுதானே!"

"உங்கள் அடையாள எண்ணைச் சொல்லுங்கள். என்ன செய்யலாம் என்று பார்க்கிறோம்."

ஆசிரியை தன் 13 இலக்க அடையாள எண்ணைச் சொல்கிறார். "உங்களுக்குச் சம்மதம்தானே?" என்று குரல் கேட்கிறது. "சரி" என்கிறார். பேச்சு முடிந்தது. அவரும் அதை மறந்துவிடுகிறார்.

"கடன் மறுஆய்வு" என்ற வார்த்தை அந்தப் பேச்சில் வந்ததா? வரவே இல்லை. வந்திருந்தாலும், காற்றுவேகத்தில் சொல்லிவிட்டுப் போயிருப்பார்கள். ஆனால் அந்த "சரி" ஒலிப்பதிவாகிவிட்டது. சில நாட்களில் அவர் பெயரில் புள்ளி விழுந்துவிடுகிறது.

இந்த மாதிரி அழைப்புகளைப் பற்றி ஆணையமே பொதுமக்களுக்கு எச்சரிக்கை விட்டிருக்கிறது.

பல வழிகளில் வரும் வினை

டெலிபோன் மட்டும் காரணம் அல்ல. வேறு வழிகளும் உண்டு.

"விசாரிக்கத்தான் வந்தேன்" என்று ஆலோசகரின் ஆபீசுக்குப் போய், காட்டிய இடத்தில் எல்லாம் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தவர்கள் உண்டு.

"கடன் தருகிறோம்" என்ற விளம்பரத்தைப் பார்த்து மனுப் போட்டவர்களும் உண்டு. அவர்கள் கேட்டது புதுக் கடன். நடந்ததோ மறுஆய்வு!

அடையாள எண்ணை யாரோ திருடிப் பயன்படுத்துவதும், ஓர் எண்ணைத் தவறாக அடித்து ஒருவர் கணக்கை மற்றொருவர் தலையில் ஏற்றிவிடுவதும் உண்டு.

கணவன்-மனைவி விவகாரம் இன்னொன்று. தென் ஆப்பிரிக்காவில் தனி ஒப்பந்தம் எழுதிக்கொள்ளாமல் கல்யாணம் செய்துகொண்டால், இருவரின் சொத்தும் கடனும் பொதுவாகிவிடும். அப்படிப்பட்ட தம்பதிகள் மறுஆய்வுக்கு இருவரும் சேர்ந்துதான் மனுச் செய்ய வேண்டும். ஒருவர் மற்றவருக்குத் தெரியாமல் இதில் இறங்கினால், குடும்பத்தில் பூகம்பம்தான்!

வயதே இல்லாத புள்ளி

கடன் அறிக்கையில் ஏறும் பல குறிப்புகளுக்கு ஆயுள் உண்டு. கோர்ட்டுத் தீர்ப்பு 5 ஆண்டுகள் வரை நிற்கும். திவாலானவர் பற்றிய குறிப்பும் 5 ஆண்டுகள் வரைதான். அதற்குப் பிறகு அவை தாமாகவே அழிய வேண்டும்.

ஆனால் கடன் மறுஆய்வுக் குறிப்புக்கு இத்தனை ஆண்டு என்ற கணக்கே இல்லை. "விடுவிப்புச் சான்றிதழ் கொடுக்கப்படும் வரை" என்றுதான் விதி சொல்கிறது.

உண்மையாகவே மறுஆய்வுக்குப் போனவர், கடனைத் தீர்த்துவிட்டுச் சான்றிதழ் வாங்கலாம். ஆனால் போகாதவர் எதைத் தீர்ப்பது? யாரிடம் சான்றிதழ் கேட்பது? தானாக அழியட்டும் என்று காத்திருந்தால், அவர் காத்துக்கொண்டேதான் இருக்க வேண்டும்.

எல்லாக் கதவும் அடைபடும்

மறுஆய்வில் இருப்பவர் புதுக் கடன் வாங்கக்கூடாது என்று சட்டத்தின் 88-வது பிரிவு சொல்கிறது. இவருக்குக் கடன் கொடுத்தவருக்கும் ஆபத்து உண்டு. "பொறுப்பில்லாமல் கொடுத்த கடன்" என்று அதை கோர்ட்டு அறிவிக்கலாம். அப்புறம் அந்தப் பணம் வருவது சந்தேகமே.

ஆகவேதான், பெயருக்கு நேரே அந்தக் குறிப்பைக் கண்டதும் பாங்கிக்காரர் மறுபேச்சுப் பேசுவதில்லை. வீட்டுக் கடன் இல்லை. கார் கடன் இல்லை. மாதத் தவணையில் செல்போன்கூடக் கிடைக்காது.

சில வேலைகளுக்கும் இது குறுக்கே வரும். பணத்தைக் கையாளும் உத்தியோகத்துக்கு ஆள் எடுக்கும்போது, மனுதாரரின் சம்மதத்துடன் அவருடைய கடன் அறிக்கையைப் பார்க்க அங்கே அனுமதி உண்டு.

மகளுக்குக் கல்லூரிக் கடன், மகனுக்கு வாகனக் கடன் என்று குடும்பத்தின் திட்டங்கள் எல்லாம் ஒரே ஒரு வரியால் நின்றுபோகின்றன.

சட்டம் தந்த ஆயுதம்

இதற்குப் பரிகாரமும் அதே சட்டத்தில் இருக்கிறது. 72-வது பிரிவுதான் அது. சாதாரண மனிதனுக்கு அது 4 உரிமைகளைத் தருகிறது.

ஒன்று: 12 மாதத்துக்கு ஒரு முறை, ஒவ்வொரு தகவல் நிலையத்திலும் தன் அறிக்கையை இலவசமாகப் பார்க்கலாம். காலணாகூடக் கொடுக்க வேண்டாம்.

இரண்டு: அதில் தவறு இருந்தால் ஆட்சேபிக்கலாம். ஆட்சேபம் வந்துவிட்டால், "இது உண்மைதான்" என்று காட்டும் ஆதாரத்தைத் தேடுவது நிலையத்தின் வேலை. 20 வேலை நாட்களுக்குள் நம்பத்தக்க ஆதாரத்தின் நகலைக் கொடுக்க வேண்டும். இல்லாவிட்டால் குறிப்பை அடியோடு நீக்க வேண்டும்.

மூன்று: ஆட்சேபம் தீரும்வரை, அந்தக் குறிப்பை வேறு யாருக்கும் சொல்லக்கூடாது.

நான்கு: நிலையம் கொடுத்த ஆதாரம் பொய் என்று பட்டால், அது கைக்கு வந்த 20 வேலை நாட்களுக்குள் ஆணையத்திடம் போய் விசாரணை கேட்கலாம்.

இங்கே முக்கியமான விஷயம் ஒன்று உண்டு. "நான் மறுஆய்வுக்குப் போகவில்லை" என்று நிரூபிக்கும் பாரம் முழுவதும் பாதிக்கப்பட்டவர் தலையில் விழவில்லை. "போனார்" என்பதற்கு ஆதாரம் காட்ட வேண்டியவர்கள் பதிவு வைத்திருப்பவர்களே!

என்ன செய்ய வேண்டும்?

புள்ளி விழுந்திருப்பது தெரிந்ததும் பதற வேண்டாம். ஆலோசகரோடு டெலிபோனில் சண்டை போடுவதாலும் பயன் இல்லை. செய்ய வேண்டியதை வரிசையாகச் செய்ய வேண்டும்.

1. எல்லா நிலையங்களிலும் அறிக்கையை வாங்க வேண்டும். ஒன்றில் அழித்தாலும், மற்றொன்றில் இருக்கக்கூடும்.

2. குறிப்பில் உள்ள ஆலோசகரின் பெயர், பதிவு எண், தேதி ஆகியவற்றை எழுதிக்கொள்ள வேண்டும். அவர் பதிவு பெற்றவர்தானா என்று ஆணையத்தில் விசாரிக்கலாம்.

3. ஆலோசகருக்கு எழுத்து மூலம் கேள்வி அனுப்ப வேண்டும். "என் படிவம் 16 எங்கே? அதில் உள்ள கையெழுத்து யாருடையது? ஒலிப்பதிவு இருந்தால் அதைக் கொடுங்கள்" என்று கேட்க வேண்டும். வாய்ப்பேச்சு காற்றோடு போகும். எழுத்துத்தான் கோர்ட்டில் நிற்கும்.

4. அதே சமயம், தகவல் நிலையத்தில் 72-வது பிரிவின்படி ஆட்சேபம் கொடுக்க வேண்டும். கொடுத்த தேதியைக் குறித்துவைக்க வேண்டும்.

5. சம்பளக் கணக்கிலிருந்து ஆலோசகரின் பெயரிலோ, பணப் பட்டுவாடா கம்பெனியின் பெயரிலோ பணம் போகிறதா என்று பார்க்க வேண்டும். போனால், பாங்கியில் சொல்லி நிறுத்த வேண்டும்.

6. பழைய கடன்களின் தவணையை மட்டும் நிறுத்தவே கூடாது. கோபத்தில் அதை நிறுத்தினால், பொய்க் குறிப்பு போய் மெய்க் குறிப்பு வந்துவிடும்!

7. இவற்றால் தீராவிட்டால், ஆணையத்தில் புகார் கொடுக்க வேண்டும். அதற்குக் கட்டணம் இல்லை. தேசிய நிதி ஓம்புட்ஸ்மேன் அமைப்பிலும் முறையிடலாம். கடன், பாங்கி, இன்சூரன்ஸ் புகார்களைத் தனித்தனியே கவனித்துவந்த அமைப்புகளை ஒன்றாக்கி, 2024 மார்ச் 1-ந் தேதி தொடங்கிய அமைப்பு அது.

காலம் பொன் போன்றது!

விழித்துக்கொள்வதில் நாள் தாமதித்தால், முடிச்சு இறுகிவிடும்.

மனு மட்டும் பதிவாகி, ஆலோசகர் இன்னும் தீர்மானம் எழுதாமல் இருந்தால் காரியம் சுலபம். "படிவம் 17.W" என்ற வாபஸ் படிவத்தால் விவகாரத்தை முடிக்கலாம்.

ஆலோசகர் "இவருடைய கடன் தாங்க முடியாதது" என்று தீர்மானம் எழுதிவிட்டால், பிறகு அவரே மனம் மாறினாலும் தன்னிச்சையாக அதை ரத்து செய்ய அதிகாரம் இல்லை. 2015-ம் ஆண்டில் ஆணையம் வெளியிட்ட வழிகாட்டியும் இதைத்தான் சொல்கிறது. அந்தக் கட்டத்தில் மாஜிஸ்திரேட் கோர்ட்டுக்குப் போய், "என் கடன் தாங்கக்கூடியதே" என்று காட்டி உத்தரவு வாங்க வேண்டும்.

கோர்ட்டு உத்தரவே வந்துவிட்டால் இன்னும் கஷ்டம். அந்த உத்தரவு மோசடியாகப் பெறப்பட்டது என்று மனுச் செய்து, அதை ரத்து செய்யும்படி கேட்க வேண்டும். அதற்கு வக்கீல் தேவைப்படும். கையில் பணம் இல்லாதவர்கள் சர்க்காரின் இலவசச் சட்ட உதவி நிலையத்தையும், பல்கலைக்கழகங்களில் உள்ள சட்ட உதவி மையங்களையும் நாடுகிறார்கள்.

கடன் தீர்ந்தும் தீராத புள்ளி

இன்னொரு விதமான துன்பமும் உண்டு. உண்மையாகவே மறுஆய்வுக்குப் போனவர், வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிக் கடனை எல்லாம் தீர்த்துவிடுகிறார். ஆனாலும் புள்ளி போகவில்லை!

காரணம் என்ன? ஆலோசகர் "படிவம் 19" என்ற விடுவிப்புச் சான்றிதழைக் கொடுக்கவில்லை. சிலர் மேலும் பணம் கேட்கிறார்கள். சிலர் தொழிலையே விட்டுவிட்டுப் போய்விடுகிறார்கள்.

இதற்கு 71-வது பிரிவு பதில் சொல்கிறது. கடன் தீர்ந்தவருக்குச் சான்றிதழ் கொடுப்பது ஆலோசகரின் கடமை. கொடுத்த 7 நாட்களுக்குள் அதன் நகலை அவரே எல்லா நிலையங்களுக்கும் அனுப்ப வேண்டும். நகல் கிடைத்ததும் நிலையங்கள் குறிப்பை அழிக்க வேண்டும். ஆலோசகர் மறுத்தால், தேசிய நுகர்வோர் தீர்ப்பாயத்தில் முறையிடலாம். "சான்றிதழைக் கொடு" என்று உத்தரவிட அதற்கு அதிகாரம் உண்டு.

முன்பு வீட்டுக் கடனும் முழுவதும் தீர்ந்தால்தான் சான்றிதழ். வீட்டுக் கடன் 20 ஆண்டு ஓடினால், புள்ளியும் 20 ஆண்டு ஓடும்! 2015 மார்ச் 13-ந் தேதி அமலான திருத்தம் இந்தக் கொடுமையை நீக்கியது. மற்றக் கடன்கள் தீர்ந்து, வீட்டுக் கடனில் பாக்கி விழாமல் இருந்தால் போதும். சான்றிதழ் கிடைக்கும்.

குற்றம் செய்தவருக்குத் தண்டனை

விதியை மீறும் ஆலோசகரின் பதிவை ரத்து செய்யும்படி ஆணையம் தீர்ப்பாயத்திடம் கேட்கலாம். தீர்ப்பாயம் அபராதமும் போடலாம். அந்த அபராதம் ஆண்டு வரவில் 10 சதவீதம் அல்லது 10 லட்சம் ராண்ட், இவற்றில் எது அதிகமோ அதுவரை போகலாம்.

ஆனால் புகார் வந்தால்தானே விசாரணை நடக்கும்? "நமக்கேன் வம்பு" என்று ஒருவர் ஒதுங்கிவிட்டால், அதே குரல் அடுத்த வீட்டு டெலிபோனில் பேசும்.

தமிழர் வீடுகளிலும்...

1860-ம் ஆண்டு நவம்பர் 16-ந் தேதி, சென்னையிலிருந்து புறப்பட்ட "ட்ரூரோ" என்ற கப்பல் டர்பன் துறைமுகத்தை அடைந்தது. கரும்புத் தோட்டக் கூலிகளாக அதில் போனவர்களிலும், பின்னால் போனவர்களிலும் தமிழர்கள் ஏராளம். "ஒப்பந்தம்" என்று சொல்லிக் கைநாட்டு வாங்கிக்கொண்ட காகிதத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பது அவர்களில் பலருக்குத் தெரியாது.

அவர்களுடைய பேரப்பிள்ளைகள் இன்று டர்பனை அடுத்த சாட்ஸ்வொர்த், பீனிக்ஸ் முதலிய இடங்களில் வாழ்கிறார்கள். ஆசிரியர்களாகவும், குமாஸ்தாக்களாகவும், டாக்டர்களாகவும் இருக்கிறார்கள். எல்லோருக்கும் எழுதப் படிக்கத் தெரியும். ஆனால் டெலிபோனில் "சரி" என்று சொல்லும்போது, எந்தக் காகிதத்தையும் யாரும் படித்துப் பார்ப்பதில்லை! அவர்களுக்கும் இதே சட்டம்தான். இதே உரிமைதான்.

டெலிபோன் மணி அடித்தால்...

தவணையைக் குறைப்பதாக யாராவது அழைத்தால், "இது கடன் மறுஆய்வா?" என்று நேராகக் கேட்க வேண்டும். "ஆம்" என்றாலும், "அந்த மாதிரி" என்று மழுப்பினாலும், "எழுத்தில் அனுப்புங்கள். படித்துப் பார்த்துச் சொல்கிறேன்" என்று சொல்லி டெலிபோனை வைத்துவிட வேண்டும். அடையாள எண்ணைச் சொல்லக்கூடாது. நேர்மையான ஆலோசகர் இதற்குக் கோபிக்கமாட்டார்.

ஆண்டுக்கு ஒரு முறை இலவச அறிக்கையை வாங்கிப் பார்ப்பது இன்னும் நல்லது. எந்த மாதம் என்று மறந்துபோகிறதா? தென் ஆப்பிரிக்கர்களின் அடையாள எண்ணில் முதல் 6 இலக்கங்கள் பிறந்த தேதியைக் குறிக்கும். ஒவ்வொரு பிறந்த நாளிலும் அந்த எண்ணைக் கொடுத்து அறிக்கையைக் கேட்டால், மறதிக்கு இடமில்லை. புள்ளி விழுந்திருந்தால் தீர்மானம் எழுதுவதற்கு முன்பே அகப்பட்டாலும் அகப்படும். அப்போது ஒரு படிவத்தோடு வேலை முடிந்துவிடும்!